எசென்ஷியல் ஆயில்களை வீட்டில் நீண்ட நாள் கெடாமல் வைத்திருக்க: படிப்படியான முழு வழிகாட்டி

பூ, இலை, மரம், பழத்தோல் போன்றவற்றிலிருந்து எடுக்கும் செறிவான வாசனை எண்ணெய்தான் எசென்ஷியல் ஆயில். அதை வாங்கியவுடன் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "ஃபிரிட்ஜில் வைக்கலாமா?" என்பதுதான். வைக்கலாம். ஆனால் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. பாதி காலியான பாட்டிலை, மூடி சரியாகப் பொருந்தாமல், தேதியும் எழுதாமல் ஃபிரிட்ஜுக்குள் தள்ளினால் கெடுவது சற்றுத் தள்ளிப்போகும், நிற்காது.

இந்த எண்ணெய்களுக்கு முதல் எதிரி காற்று. வெளிச்சமும் சூடும் காற்றின் வேலையை வேகப்படுத்துகின்றன. அதனால் பாட்டிலுக்குள் இருக்கும் காற்றையும், அது புதிதாக உள்ளே போகும் தடவைகளையும் முதலில் குறைக்க வேண்டும். அதற்கு அடுத்ததுதான் இருட்டு, அதற்கும் அடுத்தது குளிர்ச்சி. கீழே உள்ள படிகள் இந்த வரிசையிலேயே போகின்றன.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

- பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில்கள்: 5 மில்லி, 10 மில்லி அளவுகளில் சில
- அவற்றுக்குப் பொருந்தும் கெட்டியான திருகு மூடிகள், சொட்டு அடைப்புகள்
- கண்ணாடிப் பிப்பெட் அல்லது சிறிய கண்ணாடிப் புனல்
- ஒட்டும் லேபிள், அழியாத மை பேனா, லேபிள் மேல் ஒட்ட அகலமான ஒளிபுகும் டேப்
- 90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்
- கையுறை, டிஷ்யூ தாள், வெள்ளைக் கெட்டித் தாள்
- இறுக்கமாக மூடக்கூடிய பெட்டி ஒன்று

எல்லாம் கைக்கு வந்தபிறகே எண்ணெய் பாட்டிலைத் திறங்கள். திறந்து வைத்துவிட்டுப் புனல் தேடிக்கொண்டிருப்பது பரவலாக நடக்கும் தவறு.

1. கெடுவது என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

சமையல் எண்ணெய் காறிப்போவதும் எசென்ஷியல் ஆயில் கெடுவதும் ஒன்றல்ல. சமையல் எண்ணெயில் இருப்பவை கொழுப்பு அமிலங்கள். எசென்ஷியல் ஆயிலில் கொழுப்பு கிடையாது. எளிதில் ஆவியாகும் டெர்பீன்களும், ஆல்கஹால், ஆல்டிஹைடு, ஃபீனால் போன்ற சேர்மங்களும்தான் அதில் இருக்கின்றன.

இவை ஆக்சிஜனோடு சேரும்போது புதுச் சேர்மங்கள் உண்டாகின்றன. எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களின் பெரும்பகுதியான லிமோனீன், ஹைட்ரோபெராக்ஸைடுகளாக மாறுகிறது. லாவெண்டரில் உள்ள லினலூலும் அப்படித்தான். டீ ட்ரீ எண்ணெயில் டெர்பினீன்கள் குறைந்து பாரா-சைமீனும் அஸ்காரிடோலும் கூடுகின்றன.

இதனால் கெடுவது வாசனை மட்டுமல்ல, தோலும்தான். லிமோனீனும் லினலூலும் புதிதாக இருக்கும்போது ஒவ்வாமையைத் தூண்டும் திறன் மிகக் குறைவு. அவற்றின் ஹைட்ரோபெராக்ஸைடுகளோ தோல் ஒவ்வாமையை உண்டாக்குபவை. ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கும். பழைய எண்ணெயை "வாசனை இருக்கிறதே" என்று தடவிக்கொள்வதில் உள்ள ஆபத்து இதுதான்.

2. கையில் உள்ளவற்றை ஆயுள் வாரியாகப் பிரியுங்கள்

எல்லா எண்ணெய்க்கும் ஒரே கவனம் தேவையில்லை. எதற்கு அவசரம், எதற்கு நிதானம் என்று பிரித்துக்கொண்டால் பாட்டில், ஃபிரிட்ஜ் இடம் எல்லாம் மிச்சமாகும்.

விரைவில் கெடுபவை: எலுமிச்சை, ஆரஞ்சு, கிரேப்ஃப்ரூட் போன்ற பழத்தோல் எண்ணெய்கள், பைன், ஃபிர், ஜூனிபர், டீ ட்ரீ, பிராங்கின்சென்ஸ். திறந்தபின் நன்றாக வைத்திருந்தால் 1 முதல் 2 ஆண்டு. பழத்தோல் எண்ணெய்களுக்கு 1 ஆண்டு என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நடுத்தரமானவை: லாவெண்டர், பெப்பர்மின்ட், யூகலிப்டஸ், ஜெரேனியம், எலுமிச்சைப்புல். 2 முதல் 3 ஆண்டு.

நீண்ட நாள் நிற்பவை: கிராம்பு, பச்சோலி, வெட்டிவேர், சந்தனம். 4 ஆண்டும் அதற்கு மேலும். கிராம்பில் உள்ள யூஜினால் தானே ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள். பச்சோலி, வெட்டிவேர், சந்தனம் மூன்றிலும் கனமான மூலக்கூறுகளே அதிகம். அவை மெதுவாக ஆவியாகும், மெதுவாக மாறும். பச்சோலியின் மணம் வருடங்கள் போகப்போக மென்மையாகும் என்பதால் வாசனைத் திரவியம் செய்பவர்கள் பழையதையே விரும்புவதும் உண்டு.

இவை நடைமுறைக் கணக்குகள். காய்ச்சி வடித்த நாள் பாட்டிலில் இருந்தால் அங்கிருந்து எண்ணுங்கள். இல்லாவிட்டால், வாங்கும் முன்பே சில மாதங்கள் போயிருக்கும் என்று வைத்துக்கொண்டு குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

3. மூடியைத் திறக்கும் முன் லேபிள்

"அப்புறம் எழுதிக்கொள்ளலாம்" என்று விட்ட தேதியை யாரும் எழுதுவதில்லை. ஆறு மாதம் கழித்து, இது போன வருடமா அதற்கு முந்தைய வருடமா என்ற சந்தேகம் வரும். சந்தேகம் வந்தாலே அந்தப் பாட்டில் தோலுக்கு ஆகாது.

லேபிளில் இவை வேண்டும்: எண்ணெயின் பெயர், தாவரவியல் பெயர், பேட்ச் எண், திறந்த தேதி, தீர்த்துவிட வேண்டிய மாதம். தாவரவியல் பெயர் எதற்கென்றால், லாவெண்டர், யூகலிப்டஸ் என்ற பெயர்களில் பல இனங்கள் இருக்கின்றன, அவற்றின் சேர்மங்களும் வேறு. பேட்ச் எண் இருந்தால் பின்னால் ஏதாவது புகார் வந்தாலும் விசாரிக்க முடியும்.

எழுதியபின் மேலே ஒளிபுகும் டேப்பைச் சுற்றிவிடுங்கள். ஒரு சொட்டு எண்ணெய் வழிந்தாலே மை கரைந்து ஓடிவிடும். எலுமிச்சை எண்ணெய் லேபிளின் பசையையும் கரைக்கும், அதனால் டேப்பின் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஒரு முழுச் சுற்று வர வேண்டும்.

4. பாட்டிலும் மூடியும் சரிதானா என்று பாருங்கள்

பாட்டில் கண்ணாடியாக இருக்க வேண்டும். நீர்க்காத எசென்ஷியல் ஆயில் பல பிளாஸ்டிக்குகளை ஊறவைத்து மென்மையாக்கும். லிமோனீன் பாலிஸ்டைரீனைக் கரைத்தே விடும். கரைந்த பிளாஸ்டிக் எண்ணெயில் கலந்துவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை.

நிறத்தில் பழுப்புதான் முதல் தேர்வு. டானிக் பாட்டில்களின் அந்தப் பழுப்பு, 450 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். புற ஊதாக் கதிர் முழுக்க அதற்குள் அடக்கம். நீலக் கண்ணாடி அழகாக இருக்கும், ஆனால் பழுப்பைவிட அதிகமாக அந்த ஒளியை உள்ளே விடும். இருட்டான பெட்டிக்குள் வைப்பதானால் இந்த வித்தியாசம் பெரிதில்லை. அலமாரியில் வெளியே தெரியும்படி வைப்பதானால் பெரியது.

பாட்டிலை விட மூடிதான் அதிகம் ஏமாற்றும். சொட்டு விடும் ரப்பர் குமிழ் கொண்ட மூடியோடு எண்ணெயைச் சேமிக்காதீர்கள். எண்ணெயின் ஆவி ரப்பரை ஊதவைத்து, பிசுபிசுக்க வைத்து, கடைசியில் கரைந்த ரப்பரைக் கண்ணாடிக் குழாய் வழியாக எண்ணெயிலேயே இறக்கிவிடும். குமிழ் மூடியைக் கேரியர் ஆயிலில் (எசென்ஷியல் ஆயிலை நீர்க்கச் சேர்க்கும் சாதாரணத் தாவர எண்ணெய்) நீர்த்த, சில வாரங்களில் தீரப்போகும் கலவைக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

தேவை, கெட்டியான திருகு மூடி. அதோடு பாட்டிலின் வாயில் அழுத்திப் பொருத்தும் சிறிய பிளாஸ்டிக் சொட்டு அடைப்பு. இந்த அடைப்பு சொட்டு சொட்டாக விட உதவுவதோடு, திறந்திருக்கும் வாயையும் ஒரு ஊசித்துளை அளவுக்குச் சுருக்கிவிடுகிறது. நீண்ட நாள் சேமிப்புக்கு இன்னும் நல்லது, உள்பக்கம் கூம்பு வடிவ அடைப்பான் உள்ள கறுப்பு ஃபீனாலிக் (கெட்டியான ஒருவகைப் பிளாஸ்டிக்) மூடி. இறுக்கும்போது அந்தக் கூம்பு பாட்டிலின் வாய்க்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். ஸ்பாஞ்ச் போன்ற மெல்லிய உறை மட்டும் உள்ள மூடிகள் பழத்தோல் எண்ணெய்களில் ஊதிச் சுருங்கி இடைவெளி விட்டுவிடும்.

சோதனை எளிது. எண்ணெய் உள்ள பாட்டிலை நன்றாக மூடி, டிஷ்யூ தாளின் மேல் 10 நிமிடம் தலைகீழாக நிறுத்துங்கள். தாளில் கறை விழுந்தால், காற்றும் அதே வழியில் உள்ளே போகிறது என்று பொருள். மூடியை மாற்றுங்கள்.

5. பெரிய பாட்டிலைச் சிறியவையாகப் பிரியுங்கள்

ஆயுளை நீட்டுவதில் இந்தப் படிக்கு ஈடாக வேறெதுவும் இல்லை. பெரும்பாலானவர்கள் தாண்டிப் போவதும் இதைத்தான்.

10 மில்லி பாட்டிலில் பாதி தீர்ந்திருந்தால் உள்ளே 5 மில்லி காற்று இருக்கிறது. அதில் சுமார் 1 மில்லி ஆக்சிஜன். பாட்டில் மூடியே கிடந்தால், அந்த ஆக்சிஜன் எண்ணெயோடு சேர்ந்து தீர்ந்ததும் கேடும் அத்துடன் மட்டுப்படும். ஆனால் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புதுக் காற்று நிரம்புகிறது. தினமும் திறந்தால் வருடத்துக்கு 365 முறை. பாட்டில் காலியாக ஆக, உள்ளே போகும் காற்றின் அளவும் கூடுகிறது, மிச்சமுள்ள எண்ணெயும் குறைகிறது. கடைசிக் கால் பாகம் திடீரென்று கெட்டதுபோலத் தோன்றுவது இதனால்தான்.

தீர்வு, ஒன்றைப் பயன்பாட்டுப் பாட்டிலாகவும் மற்றவற்றைத் தொடாத இருப்பாகவும் வைப்பது. 30 மில்லி வாங்கியிருந்தால் இரண்டு 10 மில்லி, இரண்டு 5 மில்லி என்று பிரியுங்கள். ஒரு 5 மில்லி மட்டும் கைக்கெட்டும் இடத்தில். அது தீர்ந்த பிறகே அடுத்ததன் மூடியைத் திருக வேண்டும். 10 மில்லியின் முறை வரும்போது அதையும் இரண்டு 5 மில்லியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

செய்யும் முறை:

பாட்டில்களை வெந்நீரிலும் பாத்திரம் கழுவும் திரவத்திலும் கழுவி, நன்றாக அலசி, கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒருமுறை அலசுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் நீரை ஆல்கஹால் இழுத்துக்கொண்டு வெளியேறும். பிறகு சுத்தமான துணியில் கவிழ்த்து ஓர் இரவு முழுக்க உலரவிடுங்கள். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால் இதை அடுப்பு எரியாத அறையில், ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். பாட்டிலுக்குள் மிஞ்சும் ஒரு துளி ஈரம்கூட எண்ணெயைக் கலங்கவைக்கும்.

எண்ணெயைப் பிப்பெட்டால் அல்லது புனல் வழியாக, பாட்டிலின் தோள் வரை நிரப்புங்கள். கழுத்து விளிம்பு வரை வேண்டாம். சூடேறும்போது எண்ணெய் விரியும். இடமே இல்லாவிட்டால் மூடியைத் தள்ளிக்கொண்டு கசியும். செம்பு, பித்தளை, இரும்புப் புனல் கூடவே கூடாது, அந்த உலோகங்கள் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டுபவை. துருப்பிடிக்காத எஃகுப் புனலில் சில நொடி ஓடிப்போவதில் கெடுதல் இல்லை.

நிரப்பிய உடனே சொட்டு அடைப்பை அழுத்தி, மூடியை விரலால் இறுக்குங்கள். மறுநாள் ஒருமுறை மீண்டும் இறுக்கிப் பாருங்கள். மூடியின் உள்ளடைப்பு அழுத்தத்தில் மெல்லப் படிந்து, முதல் நாள் இறுக்கம் சற்றுத் தளர்ந்திருக்கும்.

ஒரு பாட்டிலில் மிச்சமிருக்கும் பழைய எண்ணெயின் மேல் புதியதை ஊற்றாதீர்கள். ஆக்சிஜனேற்றம் சங்கிலித் தொடராக ஓடும் வினை. பழையதில் உண்டாகியிருக்கும் பெராக்ஸைடுகள் புதிய எண்ணெயில் அந்தச் சங்கிலியைத் தொடக்கிவைக்கும். புனலில் தங்கிய மிச்சத்தை அசல் பாட்டிலுக்குள் திருப்பி விடுவதும் தவறு, காற்று பட்ட மிச்சம் அது.

சிறிய பாட்டில் கிடைக்காவிட்டால் கழுவி உலர்த்திய கண்ணாடி மணிகளை ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணெயின் மட்டத்தைத் தோள் வரை உயர்த்தலாம். மணி கண்ணாடியாகவே இருக்க வேண்டும், மேலே சாயம் பூசியது கூடாது. பாட்டிலைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து மணியைச் சறுக்கவிடுங்கள். நேராகப் போட்டால் அடிப்பாகம் விரிசல் விடலாம்.

ஒயினைப் பாதுகாக்க விற்கும் ஆர்கான் வாயு ஸ்ப்ரேயும் பயன்படும். ஆர்கான் காற்றைவிடக் கனமானது, எண்ணெயின் மேல் போர்வைபோலப் படியும். ஓரிரு நொடி மெதுவாக விட்டு உடனே மூடினால் போதும். ஆனால் இது மாதக்கணக்கில் திறக்காத இருப்புக்கு மட்டுமே அர்த்தமுள்ளது. தினமும் திறக்கும் பாட்டிலுக்குச் செய்வது வீண் செலவு.

6. பயன்படுத்தும்போது கை பழக வேண்டிய ஒழுங்கு

முதலில் டிஃப்பியூசர் (மணத்தை அறையில் பரப்பும் கருவி), கிண்ணம், கேரியர் ஆயில் எல்லாம் தயாராக இருக்கட்டும். அதன்பின் மூடியைத் திறந்து, சொட்டு விட்டு, அடுத்த வேலைக்குப் போகும் முன் மூடிவிடுங்கள். பல எண்ணெய்களைக் கலக்கும்போது ஐந்து பாட்டிலையும் ஒரே நேரத்தில் திறந்து வரிசையாக வைப்பது வேண்டாம். ஒன்றைத் திறந்து, மூடி, பிறகே அடுத்தது. மூடிகள் இடம் மாறிப்போவதும் இதனால் தவிரும்.

சொட்டு வரவில்லையென்று பாட்டிலை உதறாதீர்கள். சாய்த்துப் பிடித்துக் காத்திருங்கள். அடைப்பின் நடுவில் இருப்பது எண்ணெய் இறங்கும் துளை, ஓரத்தில் இருப்பது காற்று போகும் துளை. காற்றுத் துளை மேற்பக்கம் இருக்கும்படி பாட்டிலைச் சற்றே திருப்பினால் ஓடத் தொடங்கும். வெட்டிவேர் போன்ற கெட்டியான எண்ணெய்க்குச் சொட்டு அடைப்பே சரிவராது. அதைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிப் பிப்பெட்டால் எடுங்கள்.

1 மில்லிக்கு 20 சொட்டு என்பது தோராயம்தான். மெல்லிய எண்ணெயும் சிறிய துளையும் சேர்ந்தால் 30-ஐத் தாண்டும். எவ்வளவு மிச்சம் என்று கணக்கு வைப்பவர்கள் ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது.

மூடும் முன் பாட்டிலின் வாயை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். அங்கே தங்கும் எண்ணெய் கெட்டியாகிப் பிசினாக மாறி, மூடியைச் சரியாக உட்காரவிடாது. பிசினுக்கு மேல் எவ்வளவு இறுக்கினாலும் காற்று புகும்.

7. வைக்கும் இடம்

இருட்டாக, குளிர்ச்சியாக, வெப்பம் அதிகம் ஏறி இறங்காத இடம். படுக்கையறை அலமாரியின் கீழ்த் தட்டு பெரும்பாலும் பொருந்தும். பொருந்தாதவை: குளியலறை, அடுப்பங்கரை, ஜன்னல் ஓரம், டிவி போன்ற மின்சாதனங்களின் மேல், நிறுத்தி வைத்த கார்.

வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது வேதியியலில் பொதுவாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. 35 டிகிரி அறையில் இருக்கும் பாட்டில், 25 டிகிரியில் இருப்பதைவிடப் பாதி நாளே தாங்கும்.

ஏற்ற இறக்கத்துக்கும் தனிக் கெடுதல் உண்டு. பகலில் சூடேறும்போது பாட்டிலுக்குள் காற்று விரிந்து மூடி வழியே கொஞ்சம் வெளியேறும். இரவில் குளிரும்போது வெளிக்காற்று உள்ளே இழுபடும். பாட்டில் மூச்சுவிடுவதுபோல. நன்றாகப் பொருந்தாத மூடி என்றால் யாரும் திறக்காமலே இது தினமும் நடக்கும்.

பாட்டில்கள் நிமிர்ந்தே நிற்க வேண்டும். படுக்கவைத்தால் எண்ணெய் சொட்டு அடைப்பையும் மூடியின் உள்ளடைப்பையும் சதா நனைத்துக்கொண்டிருக்கும், அவை ஊதிப்போகும். மெருகேற்றிய மரத் தட்டில் நேராக வைக்காதீர்கள், கசிந்தால் மெருகு உருகும். அடியில் கண்ணாடி அல்லது பீங்கான் தட்டு ஒன்று இருக்கட்டும்.

இவை தீப்பற்றும் பொருட்கள் என்பதையும் மறக்க வேண்டாம். லிமோனீனின் ஆவி 50 டிகிரிக்கும் சற்றுக் குறைவான வெப்பத்திலேயே ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். விளக்கு, மெழுகுவர்த்தி, ஊதுவத்தி அருகே சேமிப்பு கூடாது.

8. குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டுங்கள்

உயரமான தட்டு போதாது, பூட்டு வேண்டும். இனிப்பான மணம் குழந்தைகளை இழுக்கும். யூகலிப்டஸ், கற்பூர எண்ணெய்கள் சில மில்லி வயிற்றுக்குள் போனாலே சிறு குழந்தைக்கு வலிப்பு வரலாம். வின்டர்கிரீன் எண்ணெய் கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட். அதில் 5 மில்லி, சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். உயிரைப் பறிக்கக்கூடிய அளவு அது.

அழுத்தித் திருகும் மூடி கிடைத்தால் அதையே வாங்குங்கள். சொட்டு அடைப்பைக் கழற்றிய பாட்டில்களைத் தனியாகக் குறித்து வையுங்கள், கவிழ்ந்தால் முழுவதும் ஒரே நொடியில் வெளியேறும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பூனை உள்ள வீடுகளில் கூடுதல் கவனம் தேவை. ஃபீனால் வகைச் சேர்மங்களைச் சிதைக்கும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. கசிந்த எண்ணெய் மயிரில் பட்டு, அதை நக்கினாலே நஞ்சு.

9. இப்போது ஃபிரிட்ஜ்

இதுவரை சொன்னவை முடிந்திருந்தால் ஃபிரிட்ஜ் உண்மையிலேயே பலன் தரும். முதல் இடம் பழத்தோல் எண்ணெய்கள், பைன் வகைகள், டீ ட்ரீ ஆகியவற்றின் தொடாத இருப்புக்கு. 2 முதல் 8 டிகிரி நல்லது. பச்சோலி, வெட்டிவேர், சந்தனத்துக்குத் தேவையே இல்லை. குளிரில் கெட்டியாகி எடுக்கச் சிரமப்படுத்துவதுதான் மிச்சம்.

பாட்டில்களை இறுக்கமாக மூடும் பெட்டிக்குள் நிமிர்த்தி வையுங்கள். இல்லாவிட்டால் ஃபிரிட்ஜில் உள்ள எல்லாவற்றிலும் மணம் ஏறும். ஃபிரிட்ஜ் கதவில் வேண்டாம், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அங்கே சூடு ஏறி இறங்கும். தினமும் பயன்படுத்தும் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, வைத்து எடுத்து அலைக்கழிப்பதைவிட அறையிலேயே இருட்டில் வைத்து விரைவில் தீர்ப்பது மேல்.

வெளியே எடுத்தவுடன் திறக்காதீர்கள். குளிர்ந்த பாட்டிலைத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே நீராகப் படியும். மூடியபடியே அரை மணி முதல் ஒரு மணி நேரம் அறை வெப்பத்துக்கு வரட்டும். வெளிப்பக்கத்து வியர்வையைத் துடைத்துவிட்டுத் திறங்கள்.

ரோஜா எண்ணெயும் சோம்பு எண்ணெயும் குளிரில் உறையும். அறை சில்லென்று இருந்தாலே உறைந்துவிடும். அது கெட்டதற்கு அடையாளமல்ல. பாட்டிலை மூடியபடி கையில் பொத்தி வைத்தாலோ, கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினாலோ உருகும். முழுவதும் உருகி, மெல்ல உருட்டிக் கலந்தபின்பே எடுங்கள். பாதி உறைந்த நிலையில் மேலே உள்ள திரவத்தை மட்டும் எடுத்தால், எடுத்ததிலும் மிஞ்சியதிலும் சேர்மங்களின் விகிதம் மாறிவிடும். மைக்ரோவேவில் வைப்பது ஆபத்து.

10. கலவைகளுக்கு வேறு கணக்கு

கேரியர் ஆயிலில் கலந்துவிட்டால், கலவையின் ஆயுள் இரண்டில் எது முதலில் கெடுமோ அதன் ஆயுள்தான். ஹோஹோபா நீண்ட நாள் நிற்கும். வேதியியலில் அது எண்ணெயைவிட மெழுகுக்கு நெருக்கம். சூரியகாந்தி, திராட்சை விதை எண்ணெய்கள் சில மாதங்களிலேயே காறும். ஒரு நேரத்தில் 30 மில்லிக்கு மேல் கலந்து வைக்காதீர்கள்.

வைட்டமின் ஈ சேர்ப்பது கேரியர் ஆயில் காறுவதைத் தள்ளிப்போடும். 0.5 சதவீதத்துக்குள் போதும், அதிகம் சேர்த்தால் அதிகப் பலன் என்பது இதில் கிடையாது. கிருமியைத் தடுக்கும் வேலையையும் அது செய்யாது.

நீரில் எண்ணெய் விட்டுச் செய்யும் ஸ்ப்ரேக்கள் சேமிக்கும் பொருளே அல்ல. எண்ணெய் நீரில் கலக்காது, நீரில் கிருமி வளரும். எசென்ஷியல் ஆயிலே கிருமிநாசினி என்று நம்பி மாதக்கணக்கில் வைப்பவர்கள் உண்டு. சில சொட்டு எண்ணெய்க்கு அந்த நீரைக் காக்கும் வலு இல்லை. அன்றன்றைக்குச் செய்து, அன்றே தீர்த்துவிடுங்கள்.

11. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை

பாட்டிலை மூக்கருகே வைத்து முகர்வது நல்ல சோதனை அல்ல. மூடியில் தேங்கிய ஆவிதான் முதலில் அடிக்கும். அதற்குப் பதிலாக வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு அரை நிமிடம் கழித்து முகருங்கள். ஒரு மணி நேரம் கழித்து இன்னொருமுறை. முதன்முதலில் திறந்த நாளில் இதேபோல் செய்து, மணம் எப்படி இருந்தது என்று இரண்டு வரி எழுதி வைத்திருந்தால் ஒப்பிட எளிது.

கெட்டதற்கான அடையாளங்கள்: பழத்தோல் எண்ணெயின் பளிச்சென்ற மணம் போய் டர்பன்டைன், வார்னிஷ் போன்ற நெடி வருவது. மெல்லியதாக இருந்தது கெட்டியாகி விரலில் ஒட்டுவது. தெளிவாக இருந்தது கலங்குவது. ஜெர்மன் சாமந்தி (கேமமைல்) எண்ணெய்க்குத் தனி வசதி உண்டு. அதன் ஆழ்ந்த நீலம் சாமசுலீன் என்ற சேர்மத்தால் வருவது. அது ஆக்சிஜனேற்றமாகும்போது நீலம் பச்சையாகி, பிறகு பழுப்பாகும். கண்ணாலேயே தெரிந்துவிடும்.

கெட்டதென்று தவறாக நினைப்பவை: பிழிந்தெடுத்த பழத்தோல் எண்ணெயின் அடியில் படியும் மெழுகு, குளிரில் தோன்றும் படிகங்கள், பச்சோலியின் நிறம் கறுப்பது.

லாவெண்டரில் ஒரு சிக்கல் இருக்கிறது. மணம் பெரிதாக மாறாமலே ஹைட்ரோபெராக்ஸைடு கூடியிருக்கலாம். அதனால் தோலில் பயன்படுத்தும் எண்ணெய்க்கு மூக்கை நம்பாமல் லேபிளில் எழுதிய மாதத்தை நம்புங்கள். மாதம் கடந்ததை டிஃப்பியூசருக்கும் வேண்டாம் என்று வைப்பதே நல்லது.

12. கெட்டுப்போனதை அப்புறப்படுத்துவது

கழிவுநீர்க் குழாயில் ஊற்றாதீர்கள். நீர்வாழ் உயிர்களுக்குப் பல எசென்ஷியல் ஆயில்கள் நஞ்சு. பிளாஸ்டிக் குழாய்க்கும் நல்லதல்ல. ஆபத்தான வீட்டுக் கழிவுகளைத் தனியாகச் சேகரிக்கும் வசதி இருந்தால், பாட்டிலை மூடியபடியே அங்கே கொடுங்கள். இல்லாவிட்டால், மிச்சம் சில மில்லிதான் என்றால் உலர்ந்த மணலில் ஊறவைத்து, உறையில் இறுக்கிக் கட்டிக் குப்பையில் சேருங்கள். வேலை முடியும் வரை கையுறையைக் கழற்ற வேண்டாம்.

எண்ணெய் துடைத்த துணியையும் டிஷ்யூவையும் கசக்கிக் குவித்து மூலையில் போடுவது தவறு. கேரியர் ஆயில் ஊறிய துணி என்றால் இன்னும் கவனம் தேவை. ஆக்சிஜனேற்றத்தில் வெளியாகும் சூடு குவியலுக்குள் சிக்கிக்கொண்டால் தானே தீப்பிடிக்கலாம். மசாஜ் துண்டுகளைத் துவைத்து, சூட்டு டிரையரில் உலர்த்தி, சுடச்சுட மடித்து அடுக்கியபோது தீ விபத்துகள் நடந்திருக்கின்றன. திறந்த வெளியில் விரித்துப் போட்டு முழுக்கக் காய்ந்தபின் எடுங்கள்.

காலி பாட்டிலை ஆல்கஹாலில் அலசி, கழுவி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். மூடியையும் சொட்டு அடைப்பையும் மட்டும் புதிதாகப் போடுங்கள். பிளாஸ்டிக்கில் ஊறிய பழைய எண்ணெய் எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது.